தலைகீழாகப் பிடித்த தாள்

கணினி அறையை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. காய்ந்த துணி, அதுவும் நூல் பிரியாத துணியாக இருக்க வேண்டும். துடைப்பத்தை வீசிப் பெருக்கக் கூடாது, இழுத்துப் பெருக்க வேண்டும். தூசி எழும்பினால் இயந்திரத்துக்கு ஆகாது. ஆறு வருடம் அந்த அறையை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள்கூட யாரும் குறை சொன்னதில்லை. இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு ஐயா. நான் வேலையில் அசட்டையான ஆள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நடந்த எதுவும் அசட்டையால் நடக்கவில்லை.

வாக்குமூலத்தை நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். நானே எழுதித் தருகிறேன் என்றேன். தாளைக் கொடுத்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மெதுவாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மருத்துவமனையில் நான் சேர்ந்தது கட்டுத் தூக்க. அப்போது எல்லாமே தாள்தான். சுற்று வட்டாரத்தில் இருந்த ஒன்பது சின்ன மருத்துவமனைகளிலிருந்தும் ரத்தச் சோதனை, எலும்புப் படம், மருந்துச் சீட்டு எல்லாம் வண்டி வண்டியாக வரும். இறக்கி, தோளில் ஏற்றி, வார்டு வார்டாகக் கொண்டு சேர்க்க வேண்டும். பதினோரு பேர் இருந்தோம். பதினோரு பேருக்கும் எழுத்து தெரியாது. தெரியாதவர்களாகப் பார்த்துத்தான் எடுத்தார்கள். எங்களுக்கு முன்னால் படிக்கத் தெரிந்த ஒருவன் இருந்தானாம். ஒரு பெண்ணின் நோயைத் தாளில் பார்த்து வெளியே சொல்லி, அந்தக் குடும்பமே தலை நிமிர முடியாமல் ஊரை விட்டுப் போனதாம். அதிலிருந்து நிர்வாகம் ஒரு விதி வைத்தது. நோயாளியின் தாளைத் தொடுகிற கூலியாளுக்குப் படிக்கத் தெரியக் கூடாது.

அதற்குச் சோதனையும் உண்டு. வருடத்துக்கு ஒரு முறை எழுத்தர் எங்களை ஒவ்வொருவராக அழைப்பார். பிள்ளைகள் நலமா, முதுகுவலி தேவலையா என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே, கையில் கிடைத்த ஒரு தாளைத் தலைகீழாக நீட்டி, "கொஞ்சம் பிடி" என்பார். படிக்கத் தெரிந்தவன் கை தன்னை அறியாமல் தாளைத் திருப்பிவிடும். தெரியாதவன் கொடுத்தபடியே பிடித்துக்கொண்டு நிற்பான். அவ்வளவுதான் சோதனை.

படிக்காதவர்கள் கட்டுகளை எப்படிப் பிரித்தோம் என்று கேட்பீர்கள். எல்லாம் கயிறுதான். எழுத்தர் வார்டையும் கட்டிலையும் சத்தமாகச் சொல்வார். எங்கள் ஆள் ஒருவன் கட்டின் கயிற்றில் வார்டுக்கு முடிச்சும் கட்டிலுக்குச் சுருக்கும் போடுவான். நாலாவது வார்டு, ஏழாவது கட்டில் என்றால் நாலு முடிச்சு, ஏழு சுருக்கு. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே எங்கே போக வேண்டும் என்று சொல்லிவிடுவோம். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கட்டுகூட இடம் மாறியதில்லை.

நாற்பத்தொன்பதாவது வயதில் நான் எழுத்துக் கற்றுக்கொண்டேன். வேறு வழி இருக்கவில்லை. என் மனைவிக்கு இரண்டு விதமான மாத்திரை கொடுத்திருந்தார்கள். இரண்டும் ஒரே நிற அட்டை. நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் அவளுக்கு நினைவு தப்பிப் போய்த் திரும்பியது. தையல் வேலை பார்க்கும் என் மகள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மருந்துப் பெட்டிகளின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள். தினமும் சாயங்காலம் அவற்றை என் முன்னால் அடுக்கி, "இது என்னப்பா, சொல்லுங்க" என்பாள். எட்டு மாதம் ஆனது. இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.

வெளியே சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும்.

அடுத்த வருடச் சோதனையில் எழுத்தர் நீட்டிய தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலைகீழாகவே தலைப்பு வரியைக் கூட்டிப் பார்த்தேன். பணியிலிருந்து விடுவிக்கப்படுவோர் என்று இருந்தது. கீழே பத்துப் பெயர். இரண்டாவது பெயர் என் மைத்துனனுடையது. என் மனைவியின் தம்பி. உயரமாக, கொஞ்சம் கூன் விழுந்து நடப்பதால் எல்லாரும் அவனை ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள். என் பெயர் பட்டியலில் இல்லை. என் கை அசையவில்லை. எழுத்தர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "உன்னை மாதிரி ஆள்தான் எங்களுக்கு வேணும்" என்றார். அன்று ஒட்டகத்தோடு சேர்ந்து நடந்தே வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் அவன் கூரை மாற்றுவதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். கேட்டுக்கொண்டேன்.

அடுத்த மாதம் இயந்திரம் வந்தது. கோப்பு அனுப்பும் மென்பொருள் என்றார்கள். ஒன்பது இடத்திலும் ஒரு பொத்தானை அழுத்தினால் எங்கள் கணினி அறைக்கு வந்துவிடும். அங்கிருந்து நொடியில் வார்டுத் திரைக்குப் போய்விடும். பத்துப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த அறையைப் பெருக்க என்னை வைத்துக்கொண்டார்கள். அந்த அறையில் தாள்கள் திறந்து கிடக்கும். அதனால் எழுத்து தெரியாதவன்தான் அங்கே வேண்டும்.

அறைக்குப் பொறுப்பு ஒரு இளம் இஞ்சினியர். குளிருக்காக எப்போதும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பதால் முழுக்கை சார் என்போம். நல்ல மனிதர். என்னைப் பெரியவரே என்றுதான் அழைப்பார். ஒரு நாள் அவர் ஏதோ செய்துகொண்டிருக்க, என்ன சார் பழுதா என்று கேட்டேன். திரும்பி உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். "சாக்குல ஓட்டை விழுந்தா கண்ணுக்குத் தெரியும் பெரியவரே. இதுல தெரியாது. செஞ்ச கம்பெனிக்காரன் சொன்னாத்தான் நமக்கே தெரியும். பேட்ச்சும் அவனே அனுப்புவான். நாம போடணும், அவ்வளவுதான்." நான் அதை மனதுக்குள் ஒட்டு என்று வைத்துக்கொண்டேன். எத்தனையோ சாக்குக்கு ஒட்டுப் போட்டவன் நான்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஓர் ஒட்டுப் போடும்போது ஏதோ சிக்கி, இயந்திரம் இரண்டு நாள் நின்றுவிட்டது. பழைய ஆட்களைக் கூப்பிட்டு வா என்றார்கள். ஓடினேன். ஒட்டகம் சந்தைக் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். பாதிக் கூலி. மற்றவர்களும் அங்கங்கே அப்படித்தான். அந்த இரண்டு நாளும் தாள் வந்தது, கயிறு வந்தது, படியெல்லாம் எங்கள் சத்தம். என் தோளில் கட்டை ஏற்றியபோது உடம்பு தானாக வளைந்து கொடுத்தது. இரண்டாம் நாள் முடிவில் இயந்திரம் சரியாகிவிட்டது என்று செய்தி வந்ததும் ஒட்டகம் தோள்துண்டை உதறிக்கொண்டே சொன்னான்.

"என்ன மாமா, உன் மெஷினுக்கு மாசத்துல நாலு நாள் காய்ச்சல் வரக் கூடாதா? அப்படி என்ன இரும்பு உடம்பு அதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு மட்டும் அந்தப் பேச்சு மனதில் தங்கிவிட்டது.

இனி அந்த மூன்று தாள்களைப் பற்றி எழுத வேண்டும்.

மென்பொருள் கம்பெனியிலிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் தானாக அச்சாகித் தட்டில் விழும்படி முன்பிருந்த இஞ்சினியர் செய்து வைத்திருந்தார். முழுக்கை சாரும் அதை மாற்றவில்லை. பத்து மணிக்கு வந்ததும் தட்டைத்தான் பார்ப்பார். எட்டு மணிக்கே அறையைத் திறப்பவன் நான். பெரும்பாலும் விளம்பரம்தான் விழும். மேல் பாதி அவர்கள் மொழியில், கீழ்ப் பாதி நம் மொழியில். பெருக்கி முடித்ததும் அவற்றைத்தான் நான் படித்துப் பழகுவேன். எனக்கு வேறு புத்தகம் ஏது?

ஒரு திங்கட்கிழமை விழுந்த தாளின் மேல் அவசரம் என்று தடித்த எழுத்தில் இருந்தது. எங்கள் மென்பொருளில் பெரிய பாதுகாப்புக் குறை ஒன்று தெரியவந்துள்ளது. கடவுச்சொல் இல்லாமலேயே வெளியாள் உள்ளே வந்து கோப்புகளை எடுக்கவும் பூட்டவும் அழிக்கவும் முடியும். இத்துடன் வரும் திருத்தத்தை இன்றே போடுங்கள். போடும்வரை வெளித்தொடர்பை நிறுத்தி வையுங்கள். நாலு தடவை படித்தேன். அரை மணி நேரம் ஆனது. திருத்தம் என்று அவர்கள் எழுதியிருந்தது ஒட்டைத்தான் என்று கடைசித் தடவை புரிந்தது.

மடித்துச் சாப்பாட்டு டப்பாவின் மூடிக்குள் வைத்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். யாரோ பணம் கொடுத்தார்களா என்று கேட்பீர்கள். இல்லை. இஞ்சினியர் மேல் கோபமா என்றால் அதுவும் இல்லை. நான் கணக்காகத்தான் யோசித்தேன். ஓட்டை நான் போட்டதில்லை. அதன் வழியாக நுழையப்போவதும் நான் இல்லை. இயந்திரம் கொஞ்ச நாள் படுக்கும். தாள் வரும். பத்துக் குடும்பத்தில் அடுப்பு ஒழுங்காக எரியும். ஆறு வருடத்துக்கு முன் ஒரு தாளைப் பார்த்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன். அதற்கு இதுதான் ஈடு என்று பட்டது.

பதினோராம் நாள் இரண்டாவது தாள் விழுந்தது. பல இடங்களில் நுழைந்துவிட்டார்கள், உங்கள் கோப்புப் பட்டியலில் கீழ்க்கண்ட பெயர் இருக்கிறதா என்று உடனே பாருங்கள், இருந்தால் அவர்கள் உங்களிடமும் வந்துவிட்டார்கள் என்று பொருள், என்றிருந்தது. அந்தப் பெயர் எனக்குத் தெரியாத எழுத்தில் இருந்தது. எட்டு எழுத்து. கோப்புப் பட்டியல் எப்போதும் திறந்தே கிடக்கும் திரையின் பக்கத்தில் தாளைப் பிடித்துக்கொண்டு, முடிச்சு எண்ணுவதுபோல வளைவு வளைவாக ஒப்பிட்டுப் பார்த்தேன். கீழிருந்து மூன்றாவது வரியில் இருந்தது. எட்டும் ஒத்துப்போனது. அவர்கள் அந்த அறைக்குள்தான் இருந்தார்கள். விளக்குகள் எப்போதும்போலப் பச்சையாகத்தான் மினுக்கிக்கொண்டிருந்தன. திரையைக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு நகர்ந்தேன்.

அதே நாள் முழுக்கை சார் தட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"கம்பெனிலேர்ந்து தாள் ஏதும் விழுந்துச்சா பெரியவரே? ரெண்டு வாரமா ஒண்ணையும் காணோம்."

"விழுந்தா தட்டுல இருக்குமே சார். எனக்கு எது எந்தத் தாளுன்னு என்ன தெரியும்?"

"அதுவும் சரிதான். விளம்பரத்தை நிறுத்திட்டானுங்க போல. தாளாவது மிச்சம்."

அவர் அதைச் சோதித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. என்னை நம்பினார்.

பத்தொன்பதாம் நாள் மூன்றாவது தாள். அதில் புதிதாக ஒன்றும் இல்லை. தயவுசெய்து என்ற சொல் மட்டும் கூடுதலாக இருந்தது.

இருபத்திரண்டாம் நாள் காலையில் அறையைத் திறந்தபோது எல்லாத் திரையிலும் ஒரே பக்கம். உங்கள் கோப்புகள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம் என்று நம் மொழியிலும் எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் அதை முதலில் படித்தவன் நான். கூட்டிப் பெருக்கினேன். மேசைகளைத் துடைத்தேன். குப்பையைக் கொட்டினேன். அதற்குப் பிறகுதான் காவலாளியிடம் போய், டிவியில ஏதோ வேற மாதிரி தெரியுது என்றேன்.

மதியத்துக்குள் ஆட்களைக் கூப்பிடச் சொல்லிவிட்டார்கள். பழைய பத்துப் பேரில் ஒருவர் இறந்துபோயிருந்தார், இன்னொருவருக்குக் கண் தெரியவில்லை. மற்ற எட்டுப் பேரும் வந்தார்கள். இந்தத் தடவை இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில் ஆகும் என்று பேசிக்கொண்டார்கள். ஒட்டகம் கயிற்றுச் சுருளைக் கழுத்தில் மாலைபோலப் போட்டுக்கொண்டு, "மாப்பிள்ளை வந்துட்டேன், பொண்ணை வரச் சொல்லுங்க" என்று மருந்தக வாசலில் நின்றான். முடிச்சுப் போடும் வேலை அவனுக்கு. மருந்துப் பொட்டலங்களையும் நாங்கள்தான் வார்டுக்குக் கொண்டுபோனோம். நானும் துடைப்பத்தை வைத்துவிட்டுத் தோளைக் கொடுத்தேன். ஐந்து நாள் ஒரு குறையும் இல்லை.

ஆனால் எங்களுக்கு ஒன்று தெரியாமல் போயிருந்தது. நாங்கள் இல்லாத காலத்தில் நாலாவது வார்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள். எண்ணை மாற்றிப் போட்டதில் ஏழாவது கட்டில் மட்டும் இரண்டு பக்கத்திலும் வந்துவிட்டது. எழுத்தர் பழக்கத்தில் "நாலு, ஏழு" என்பார். ஒட்டகம் நாலு முடிச்சும் ஏழு சுருக்கும் போடுவான். அந்த ஐந்து நாளும் வலது பக்க ஏழில் ஆள் இல்லை. ஆறாம் நாள்தான் அங்கே ஒருவர் வந்து சேர்ந்தார்.

இடது பக்க ஏழில் இருந்தவர் பேருந்து நிலையத்தில் சீட்டுக் கொடுத்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். என்னைப் பார்த்தாலே, "சரக்கு ரயில் இன்னைக்கும் லேட்டா தம்பி?" என்பார். அன்று பொட்டலத்தைக் கட்டிலின் மேல் வைத்தேன். பக்கத்தில் தடவிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்.

"என் பொண்ணு கண்ணாடியைக் கடைக்கு எடுத்துட்டுப் போயிருக்கா தம்பி. அதோட காது கழண்டுபோச்சு. இதுல என் பேர்தானே போட்டிருக்கு? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

"எனக்கு எழுத்து தெரியாதும்மா."

"அப்படியா? சரி விடுங்க. இன்னைக்கு நாம ரெண்டு பேரும் ஒண்ணு."

நர்ஸுக்கு அன்று முப்பத்தெட்டுக் கட்டில். திரை இல்லை, பட்டியல் இல்லை. நாலு ஏழுதானே என்று கயிற்றைக் காட்டி என்னிடம் கேட்டாள். நாலு ஏழுதான் என்றேன். அது உண்மைதான். அந்த மருந்து அந்த அம்மாவின் இதயத்துக்கு ஆகாத மருந்து. மூன்று மணிக்குள் முடிந்துவிட்டது.

படியேறும்போது அந்தச் சீட்டை நான் பார்த்தேனா என்று நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். படியில் வெளிச்சம் குறைவு. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவன். தோளில் சுமையோடு சரியாகப் பார்த்தேன் என்று சொல்வதற்கில்லை. பார்த்திருந்தாலும் என்ன செய்திருக்க முடியும் என்றும் யோசித்துப் பாருங்கள். கீழே போய்ச் சொன்னால் முடிச்சுப் போட்ட ஒட்டகத்தின் தலையில் விடியும். எட்டுப் பேரும் வெளியே போவார்கள். உனக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி வரும். அங்கிருந்து அந்த மூன்று தாளுக்கு வந்து சேர எத்தனை நேரம் ஆகும்?

இயந்திரம் படுத்த பதினாறாம் நாள் வெளியூரிலிருந்து வந்தவர்கள் இயந்திரத்தை எழுப்பி நிறுத்தினார்கள். கடைசியாக அந்த ஒட்டைப் போட்டார்கள். நான் கதவோரம் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு நிமிடம். சாயங்காலமே எட்டுப் பேரையும் அனுப்பிவிட்டார்கள். ஒட்டகம் கயிற்றுச் சுருளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அந்த அம்மாவின் சாவு அவனைத் தின்றுகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவன் வேலைக்கே போகவில்லை என்று என் மனைவி சொன்னாள்.

மூன்று எச்சரிக்கை அனுப்பியதற்குக் கம்பெனி சான்று காட்டியது. ஒன்றுகூட வரவில்லை என்றார் முழுக்கை சார். அவரைத்தான் கூட்டிப் போனீர்கள். பெருக்குகிற ஆள் எடுத்திருக்கலாம் அல்லவா என்று விசாரணையில் கேட்டதற்கு அவர் சொன்னது என் காதுக்கும் வந்தது. "அவரைச் சந்தேகப்படாதீங்க சார். தாளைத் தலைகீழாப் பிடிக்கிற மனுஷன் அவரு." ஐந்து வாரம் அவர் உள்ளே இருந்தார். நான் தினமும் எட்டு மணிக்கு அறையைத் திறந்தேன்.

துணி அளவு வெட்டத் தாள் தேடியபோது என் மகள் பாயின் அடியிலிருந்து அந்த மூன்றையும் எடுத்துவிட்டாள். அவள் வேகமாகப் படிப்பவள். படித்துவிட்டுத் தையல் இயந்திரத்தின் முன் போய் உட்கார்ந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே பேசினாள்.

"தெரியாதுன்னே சொல்லிடுங்கப்பா. குப்பைன்னு நெனச்சு எடுத்தேன்னு சொல்லுங்க. நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை யாரும் பாக்கல."

அந்தப் பெண்ணை அப்படிப் பேச வைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. முழுக்கை சாருக்கும் குடும்பம் இருக்கிறது. அதனால்தான் நானாக வந்தேன். வக்கீல் வந்து பார்த்தார். எழுத்தறிவில்லாததால் அறியாமல் நேர்ந்த பிழை என்று எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் வெளியே வந்துவிடலாம் என்றார். தாளை நேராகத்தான் நீட்டினார். வாங்கிப் படித்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன்.

முழுவதையும் இப்போது ஒரு தடவை படித்துப் பார்த்தேன். ஓர் இடம் பொய். அடித்துத் திருத்தினால் பக்கம் அசிங்கமாகிவிடும் என்று அப்படியே விட்டுவிட்டு, இங்கே எழுதுகிறேன். அந்தப் படியில் பெரிய சன்னல் இருக்கிறது, நீங்களே போய்ப் பார்க்கலாம். பதினோரு மணி வெயில் நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. தோளிலிருந்த பொட்டலத்தை இறக்கிக் கையில் பிடித்துப் பார்த்தேன். சீட்டில் இருந்தது ஓர் ஆணின் பெயர். ஐந்து எழுத்து. எழுத்துக் கூட்டாமல், உதடு அசையாமல், ஒரே பார்வையில் நான் படித்த முதல் பெயர் அது. மிச்சமிருந்த படிகளைச் சந்தோஷமாகத்தான் ஏறினேன்.